செட்டிநாட்டுச் சமதளத்தில் ஸ்கேட்போர்டு: டெக்கின் குழிவு காலுக்கு என்ன செய்கிறது

ஆன்லைனில் ஸ்கேட்போர்டு வாங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது அடிப்பக்கத்துப் படம். அடுத்து விலை. அதற்கடுத்து அகலம்: 7.75, 8, 8.25 என்று இன்ச் கணக்கில் எண்கள் வரிசையாக நிற்கும். கால் வைக்கும் பலகையான டெக் எவ்வளவு குழிந்திருக்கிறது என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் மெல்லோ (குறைவு), மீடியம் (நடுத்தரம்), ஸ்டீப் (அதிகம்) என்று ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடும். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனிக்கு ஸ்டீப். பொது அளவுகோல் கிடையாது. அரை மணி நேரம் ஓட்டிய பிறகு பாதத்தின் ஓரம் எரிகிறதா, உள்ளங்கால் வலிக்கிறதா என்பதில் இந்தக் குழிவுக்குப் பெரிய பங்கு உண்டு. கான்கேவ் என்று ஓட்டுபவர்கள் சொல்வது இதைத்தான்.

செட்டிநாட்டில் இது ஏன் கூடுதலாக முக்கியம் என்றால், இங்கே இறக்கமே இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் எங்கே போனாலும் சமதளம். மலைப்பாதையில் ஒருவர் நின்றபடியே இறங்கி வந்துவிடலாம். இங்கே ஒவ்வொரு அடியையும் உதைத்துத்தான் நகர்த்த வேண்டும். உதைப்பதும், உதைத்த காலைத் தூக்கி மேலே வைத்துத் திருப்பி நிற்பதும், வேகம் குறைந்ததும் மறுபடி இறக்குவதும்தான் இங்கு ஓட்டுவதில் முக்கால் பங்கு. குழிவு அதிகமான டெக் இந்த வேலைக்குச் செய்யப்பட்டதல்ல. படிக்கட்டிலிருந்து குதிப்பவருக்கும், போர்டைக் காற்றில் சுழற்றுபவருக்கும் அது வேண்டும். நமக்கு வேண்டியது குழிவு குறைந்த, கொஞ்சம் அகலமான டெக். இதற்கு விதிவிலக்குகள் உண்டு, ஆனால் முதல் போர்டுக்கு இல்லை.

வழக்கமான டெக் ஏழு அடுக்கு மேப்பிள் மரத்தால் ஆனது. ஒவ்வொரு அடுக்கும் சுமார் ஒன்றரை மி.மீ., மொத்தம் பத்து பதினோரு மி.மீ. பொதுவாக ஐந்து அடுக்குகளில் மர ரேகை நீளவாக்கிலும், இரண்டில் குறுக்குவாக்கிலும் ஓடும். பசை தடவி அச்சில் வைத்து அழுத்தும்போதே குழிவும், முன்பின் முனைகளின் தூக்கலும் படிந்துவிடுகின்றன. பல பட்டறைகளில் ஒரே அச்சில் ஐந்தாறு டெக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்துவார்கள். அடுக்கில் மேலே இருந்த டெக்குக்கும் கீழே இருந்ததற்கும் குழிவு துல்லியமாக ஒன்றாக இருக்காது. அதனால்தான் நண்பன் வாங்கிய அதே மாடலை வாங்கியும் காலுக்கு வேறு மாதிரி தெரிகிறது.

குழிவு வெறும் பிடிமானத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். தட்டையான பலகையைவிட வளைந்த பலகை நீளவாக்கில் மடங்காது. நம் பழைய வீடுகளின் கூரையில் கிடக்கும் நாட்டு ஓடு அத்தனை மெல்லிசாக இருந்தும் பாரம் தாங்குவது அந்த அரைவட்ட வளைவால்தான். டெக்கிலும் அதே கணக்கு. எனவே குழிவே இல்லாத மெல்லிய டெக்கைத் தேடிப் போனால் அது நடுவில் தொய்யும், அல்லது தொய்யாமல் இருக்கத் தடிமனாகச் செய்திருப்பார்கள்.

குழிவை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு அடி ஸ்டீல் ஸ்கேலை டெக்கின் நடுவில் குறுக்காக, இரண்டு ஓரங்களின் மேலும் படும்படி நிமிர்த்தி வையுங்கள். ஸ்கேலின் அடிவிளிம்புக்கும் டெக்கின் நடுவுக்கும் உள்ள இடைவெளியை இன்னொரு ஸ்கேலால் பாருங்கள். 8 இன்ச் டெக்கில், அதாவது 203 மி.மீ. அகலத்தில், இடைவெளி 5 மி.மீ. என்றால் ஓரத்தில் மரம் ஏறக்குறைய ஐந்தரை டிகிரி சாய்ந்திருக்கிறது. 10 மி.மீ. என்றால் பதினோரு டிகிரியைத் தாண்டுகிறது. குழிவு சீரான வட்ட வளைவாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. நடுவில் தட்டையாக இருந்து ஓரத்தில் மட்டும் எழும்பினால் சாய்வு இன்னும் கூடும். அளப்பதை ட்ரக் (வீல்களைத் தாங்கும் உலோக அச்சுத் தொகுதி) போல்ட்களுக்கு நேராகவும் ஒருமுறை செய்யுங்கள். கால் நிற்பது அங்கேதான், நடுவில் அல்ல.

குழிவு கூடினால் டெக் குறுகிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. 10 மி.மீ. குழிவில் வளைவின் நீளம் 204 மி.மீ. சொச்சம், நேர் அகலம் 203. வித்தியாசம் ஒரு மி.மீ. சொச்சம்தான். ஆனால் காலுக்குக் குறுகலாகத் தெரிவது உண்மை. ஓரங்கள் எழும்பி நிற்பதால் பாதம் தானாக நடுவுக்கு நகர்கிறது. நிற்க வசதியான இடம் சுருங்கிவிடுகிறது. 8 இன்ச் மெல்லோவில் பழகியவர் ஸ்டீப் டெக்குக்கு மாறும்போது 8.25 எடுத்தால் பழைய இடவசதி கிடைத்த மாதிரி இருக்கும்.

இனி பாதம். 26 செ.மீ. நீளப் பாதத்தை டெக்குக்குச் செங்குத்தாகக் குறுக்கே வைத்தால் 8 இன்ச் டெக்கில் ஆறு செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், முன்னால் மூன்று, பின்னால் மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். யாரும் அப்படிச் செங்குத்தாக நிற்பதில்லை. முன் கால் 20 டிகிரி முன்னோக்கித் திரும்பினால் குறுக்கு நீளம் 24.4 செ.மீ. ஆகிறது, 45 டிகிரி திரும்பினால் 18.4. ஆக, பாதி திரும்பிய கால் ஏறக்குறைய முழுதும் டெக்குக்குள் அடங்கிவிடும், குறுக்கே நிற்கும் கால் இரண்டு ஓரங்களின் மேலும் பாலம் போட்டு நிற்கும். பெருவிரல் மேடு ஒரு ஓரத்தில், குதிகால் மறு ஓரத்தில், உள்ளங்கால் நடுவில் தொங்கலில். கெட்டியான அடி உள்ள ஷூ என்றால் எடை அடிமுழுதும் பரவும். ரப்பர் செருப்போடு ஏறுகிறவருக்கு அந்த இரண்டு கோடுகளும் நேராகத் தசையில் அழுந்தும். வெறுங்காலில் கேட்கவே வேண்டாம். கிரிப் டேப் என்பது உப்புத்தாள் மாதிரி சிலிக்கன் கார்பைடு துகள் ஒட்டிய தாள், தோலை உரித்துவிடும். நம் ஊரில் பையன்கள் பாதிப்பேர் செருப்போடுதான் ஏறுகிறார்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடி தட்டையான, கணுக்கால் அசையும் கேன்வாஸ் ஷூ போதும். ஓட்டப்பந்தய ஷூ வேண்டாம்: குதிகால் பக்கம் உயர்ந்தும் அகன்றும் இருப்பதால் டெக்கின் ஓரம் எங்கே என்று காலுக்குத் தெரியாது.

உதைக்கும்போது நடப்பதைக் கவனித்தால் குழிவின் குணம் இன்னும் தெளிவாகத் தெரியும். பின் காலை இறக்கித் தரையை உதைக்கும்போது முன் கால் பயணத் திசையைப் பார்த்து, டெக்கின் நடுக்கோட்டில் நீளவாக்கில் நிற்கிறது. குழிவுக்குள் அது படகில் கிடப்பதுபோல் அடங்கிக்கொள்ளும், அதில் தொல்லை இல்லை. உதைத்து முடித்து பின் காலை மேலே வைத்ததும் முன் கால் குறுக்கே திரும்ப வேண்டும். ஆழமான குழிவில் பாதத்தின் முனையும் குதிகாலும் இரண்டு சரிவுகளின் மேல் ஏறியாக வேண்டும். ஏறும்போது கிரிப் டேப் பிடித்து இழுக்கும். ஆகவே ஓட்டுபவர் காலைத் தூக்கித் திருப்பப் பழகுகிறார், அந்தக் கணத்தில் சமநிலை தடுமாறுகிறது. மெல்லோ டெக்கில் பெருவிரல் மேட்டை அச்சாக வைத்து குதிகாலை மட்டும் வழுக்கித் திருப்பிவிடலாம். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் இதை எத்தனை முறை செய்கிறோம் என்று நினைத்தால் கணுக்கால் ஏன் சோர்கிறது என்பது புரியும்.

குழிவின் வடிவங்களில் சீரான வட்ட வளைவுதான் காலுக்கு அதிகம் இணக்கம். தொட்டி மாதிரி நடு தட்டையாகவும் ஓரம் வெடுக்கென எழும்பியும் இருப்பவை பிடிமானத்துக்கு நல்லவை, பாதம் அகன்றவர்களுக்கு ஓரத்தில் உறுத்தும். நடுவில் முதுகுபோல் ஒரு மேடு எழும்பும் டபிள்யூ வடிவம் மலையிறக்கத்தில் சறுக்கித் திரும்புகிறவர்களுக்காக வந்தது. அது செட்டிநாட்டில் எதற்கு?

அகலம் முடிவானதும் ட்ரக்கின் அச்சை அதோடு பொருத்த வேண்டும். அச்சின் மொத்த நீளமும் டெக்கின் அகலமும் கால் இன்ச்சுக்குள் ஒத்துப்போனால் சரி. உதாரணமாக இண்டிபெண்டன்ட் கம்பெனியின் ட்ரக்கில் 139 என்பது 8 இன்ச் அச்சு, 149 என்பது எட்டரை. அச்சு டெக்கைவிட நீண்டால் உதைக்கும் கால் வீலில் தட்டும். குட்டையாக இருந்தால் ஓரத்தில் எடை போட்டதும் போர்டு சாயும். அப்போது பழி குழிவின் மேல் விழுகிறது.

வீல்பேஸ் என்பது உள்பக்க போல்ட் ஓட்டைகளுக்கு இடையேயான தூரம். 14 இன்ச் வீல்பேஸில் முன் போல்ட் தொகுதியின் நடுவிலிருந்து பின் தொகுதியின் நடுவரை ஏறக்குறைய 16 இன்ச், அதாவது 41 செ.மீ. கால்களை இயல்பாக அகட்டி நிற்கும் தூரம் இதைவிட அதிகமென்றால் பின் கால் டெயிலின், அதாவது பின்முனையின் தூக்கலில் போய் நிற்கும், கணுக்கால் எந்நேரமும் மடங்கியே இருக்கும். உயரமானவர்கள் 14.25, 14.5 பார்க்கலாம், நேர்கோட்டில் போர்டு நிதானமாகவும் இருக்கும், திரும்புவதற்கு மட்டும் இடம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். கானாடுகாத்தான் தெருக்கள் கோடு போட்ட மாதிரி நேராக ஓடுகின்றன, ஒரு வீடே ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. அங்கே திருப்பத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, குறுக்கே வரும் ஆட்டைப் பற்றித்தான்.

வடிவத்தைப் பொறுத்தவரை, இரு முனையும் உருண்ட ஐஸ்குச்சி வடிவம் 1990களின் தொடக்கத்திலிருந்து கடைகளை ஆள்கிறது. வித்தை பழக அது நல்லது. ஊர்ச்சுற்றலுக்கு முன்முனை தட்டையாகவும் உடல் அகன்றும் இருக்கும் பழைய பாணி டெக்கோ, 28 முதல் 32 இன்ச் வரையுள்ள குரூஸரோ காலுக்கு ஆறுதல். பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் 22 இன்ச் பிளாஸ்டிக் போர்டு கைக்கு அடக்கமானது, ஆனால் ஆறு இன்ச் அகலத்தில் பெரியவர் பாதம் நிற்காது; முன் காலைத் திருப்பவே இடம் போதாது. நீண்ட தூரம் உதைத்துப் போக ஆசைப்படுபவர்களுக்கு ட்ரக் டெக்கை ஊடுருவிப் பொருந்தும் டிராப் த்ரூ லாங்போர்டு. டெக் தரைக்கு நெருக்கமாக இறங்கிவிடுவதால் நிற்கும் காலின் முட்டி ஒவ்வொரு உதைக்கும் அவ்வளவு மடங்க வேண்டியதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். டெக்கின் மேல் போடப்படும் குற்றச்சாட்டுகளில் பாதி வீலின் குற்றம். ஜல்லி துருத்திய தார் ரோட்டில், பேவர் பிளாக் பதித்த கோயில் வீதியில், 52 மி.மீ. 99ஏ கெட்டி வீலோடு (ஏ என்பது கெட்டித்தன்மையின் அளவு, எண் குறைந்தால் மென்மை) போனால் எந்தக் குழிவும் காப்பாற்றாது. பாதம் மரத்துப்போகும், ஒரு சின்னக் கல் வீலை அப்படியே நிறுத்தி ஆளை முன்னால் எறியும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கரான ஃப்ராங்க் நாஸ்வொர்த்தி பாலியூரித்தேன் வீலைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த விளையாட்டே சாலைக்கு ஏற்றதாயிற்று. அந்த மென்மையை நாம் ஏன் விட வேண்டும்? 58 முதல் 60 மி.மீ., 78ஏ முதல் 85ஏ வரை எடுத்துக்கொள்ளுங்கள். வீல் பெரிதானால் திரும்பும்போது டெக்கின் அடியில் உரசி நின்றுவிடும், அதற்கு ட்ரக்குக்கும் டெக்குக்கும் இடையே வைக்கும் ரைசர் பேடு வேண்டும். 56 மி.மீ. அளவுக்கு ஒரு நூல் (அரைக்கால் இன்ச்) தடிமன், 60க்கு இரண்டு நூல். போல்ட்டின் நீளமும் கூட வேண்டும்: ரைசர் இல்லாமல் ஒரு இன்ச், ஒரு நூல் ரைசருக்கு ஒன்றேகால், இரண்டு நூலுக்கு ஒன்றரை. ரைசர் ஏற ஏற டெக்கும் உயர்கிறது, உதைக்கும் கால் அவ்வளவு கீழே எட்ட வேண்டும் என்பதால் தேவைக்கு மேல் போடக்கூடாது.

ஆத்தங்குடி கல் பதித்த முகப்பைப் பார்த்ததும் சிலருக்குக் கால் துறுதுறுக்கும். வேண்டாம். கண்ணாடி மேல் வார்த்த சிமென்ட் கல் அது, வழவழப்பில் கெட்டி வீல் திருப்பத்தில் வழுக்கிவிடும். வீலில் ஒட்டிய மணல் பூவேலையைக் கீறும். அப்பத்தா பார்த்தால் போர்டு கொல்லைக் கிணற்றில்தான்.

மரவேலைக்குப் பேர்போன ஊரில் ஆசாரியிடம் டெக் செய்துகொள்ளலாமா என்ற கேள்வி இயல்பானது. பழைய வீடு இடித்த தேக்குத் துண்டுகள் காரைக்குடியில் கிடைக்கின்றன. குதிக்காமல் ஓட்ட மட்டும் என்றால் செய்யலாம். தேக்கு மேப்பிளைவிட மென்மை. அதைவிடப் பெரிய சிக்கல், ஒற்றைப் பலகை ரேகையோடு பிளக்கும், அதுவும் போல்ட் ஓட்டை வழியாக. 28 இன்ச் நீளம், எட்டரை அகலம், முடிந்த தடிமன் ஏழு நூல். கணு இல்லாத, ரேகை நீளவாக்கில் நேராக ஓடும் பலகையாகப் பார்க்க வேண்டும். பழைய ஆணி ஓட்டை உள்ளதைத் தள்ளிவிடுங்கள். மேல்பக்கம் மட்டும் குழிவு எடுத்தால் போதும். "நடுவுல ரெண்டு நூல் வாங்குங்க ஆசாரி, ஓரத்துக்கு வரவர விட்டுடுங்க" என்றால் புரிந்துகொள்வார். நடுவில் ஐந்து நூல் மிச்சம், ஏறக்குறைய 16 மி.மீ. அடிப்பக்கம் தட்டையாகவே இருப்பதால் ட்ரக்கின் அடித்தட்டு ஆடாமல் உட்காரும். ஓட்டைகளை ட்ரக்கையே வைத்துக் குறித்துக்கொள்வது நல்லது. இன்றைய அளவு குறுக்கே 41 மி.மீ., நீளவாக்கில் 54 மி.மீ. ஐந்து மி.மீ. பிட் சரியாக இருக்கும். ஒரு நூல் ரைசரோடு ஒன்றரை இன்ச் போல்ட். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, கிரிப் டேப் அப்படியே ஒட்டாது. தின்னரால் துடைத்து, ஒரு கை வார்னிஷ் அடித்து, நன்றாகக் காய்ந்த பின் ஒட்ட வேண்டும். எடை இரண்டு கிலோவை நெருங்கும். கையில் தூக்கிப் போகிறவருக்கு அது ஒரு குறைதான்.

12 மி.மீ. மரைன் பிளைவுட் மலிவான வழி. குழிவு இருக்காது, அடுக்குகள் மாறி மாறிக் குறுக்கே ஓடுவதால் நீளவாக்குப் பலமும் குறைவு. குழிவு இல்லாத டெக்கில் கால் எங்கே நிற்கிறது என்று தெரிய ஒரு வழி உண்டு: ஒரு நூல் தடிமனுள்ள நைலான் கயிற்றை ஓரத்திலிருந்து முக்கால் இன்ச் உள்ளே இருபுறமும் ஒட்டி, அதன் மேல் கிரிப் டேப் போடுவது. பார்க்காமலே கால் ஓரத்தைக் கண்டுபிடிக்கும். இதற்கு எதிரான தொல்லை உள்ளவர்கள், அதாவது குழிவு அதிகமான டெக்கை ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள், ஹேர் டிரையரால் சூடுகாட்டிப் பழைய கிரிப் டேப்பை உரித்து, செருப்புக்கு அடிக்கும் ஈ.வி.ஏ. ஷீட்டில் மூன்று மி.மீ. தடிமன், மூன்று இன்ச் அகலத்தில் ஒரு பட்டை வெட்டி நடுவில் ஒட்டி, மேலே புது டேப் போடலாம். உள்ளங்காலுக்குத் தாங்கல் கிடைக்கும். போர்டின் அசைவு காலுக்குத் தெரிவது கொஞ்சம் மழுங்கும்.

போல்ட்டை முறுக்குவதிலும் நிதானம் வேண்டும். தலை மேல் அடுக்கோடு சமமானதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் முறுக்கினால் குழிந்த மரத்தைத் தட்டையான ட்ரக்கோடு நெரிப்பதாகும். போல்ட்டுகளைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் வரும். ஸ்பேனர்களும் ஒரு சிக்கல். ஸ்கேட் நட்டுகள் இன்ச் கணக்கு: போல்ட்டுக்கு மூன்று நூல், வீலுக்கு அரை இன்ச், ட்ரக்கின் நடு போல்ட்டுக்கு நாலரை நூல். பைக் டூல்கிட்டில் உள்ள 13 மி.மீ. ஸ்பேனர் அரை இன்ச்சுக்குச் சரியாக வரும். 10 மி.மீ. ஸ்பேனர் மூன்று நூலுக்குத் தொளதொளவென்று இருந்து முனையை உருட்டிவிடும். 14 மி.மீ. ஸ்பேனர் நாலரை நூலில் ஏறவே ஏறாது. ஸ்கேட் டூல் ஒன்று வாங்கிவிடுவதுதான் மலிவு.

முடித்த போர்டைச் சமமான தரையில் வையுங்கள். ஒரு வீல் அந்தரத்தில் நின்றால் டெக் முறுகியிருக்கலாம், ட்ரக்கும் கோணலாக இருக்கலாம். முன் பின் ட்ரக்கை மாற்றிப் பொருத்திப் பாருங்கள். அந்தரம் அதே மூலையில் நின்றால் டெக்தான். அதைத் திருப்பி அனுப்புங்கள், ஓட்டி ஓட்டிச் சரியாகாது.

சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள்ளோ மொட்டை மாடியிலோ டெக்கை விட்டால் அடுக்குகளுக்கு இடையே பசை இளகும், குழிவும் மெல்ல மாறும். ஐப்பசி மழை அதைவிட மோசம். தண்ணீர் ஓரத்து அடுக்குகளில் ஏறி வீங்கச் செய்யும், பேரிங்கில் துரு பிடிக்கும். நனைந்துவிட்டால் வெயிலில் காய வைக்காமல் நிழலில் நிமிர்த்தி வைத்து, பேரிங்குகளைக் கழற்றித் துடையுங்கள். செம்மண் புழுதிக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எண்ணெய் புழுதியைப் பிடித்துக் களிம்பாக்கி, ஒரு வாரத்தில் வீலை நிறுத்திவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் அலசி, உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு பேரிங்குக்கு ஒரு சொட்டு.